விட்டவர் காட்ட வேண்டும்

1

அன்று மேசையருகே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். யார் இருந்தார்கள் என்பதிலேயே பிறகு தகராறு வருகிறது.

நான்: மூத்தவன். எடைகளையும் அளவுகளையும் சோதிக்கும் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் தங்கை: மருந்துக்கடை வைத்திருக்கிறாள். எங்கள் தம்பி: லிஃப்ட் மெக்கானிக். அப்பா: தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தவர், எண்பத்தாறு வயது. அன்று அவர் ஆடவில்லை, சீட்டு போட்டார். என் மனைவி: உட்காரவும் இல்லை, அறையை விட்டுப் போகவும் இல்லை. மொத்தம் ஐந்து பேர். ஆறாவதாக ஒருவர் ஜன்னல் வழியே பார்த்ததாகச் சொல்கிறவர்களுக்கு: எங்கள் வீடு ஐந்தாவது மாடியில் இருக்கிறது.

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதையும் மறைக்கப் போவதில்லை. பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் ஒரு பழைய வார இதழைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சீட்டாட்டத்துக்கென்று அதில் ஒரு பக்கம். வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "போக்கர் மேசையில் மூன்றே பேர். ஒருவர் பந்தயத்தை ஏற்றுகிறார். நான் என்ன செய்வது?" பதில் மூன்று வரி. மூன்றும் சரியான வரிகள். இருந்தும் எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று பார்க்கத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம் போய்விட்டது. ஏன் என்பது மட்டும் போகவில்லை.

2

முதல் தொடக்கம்:

"வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மூன்று பிள்ளைகளின் முகத்திலும்"

[நிறுத்திவிட்டேன். அன்று மழை இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணி, நல்ல வெயில். திரைச்சீலையை இழுத்துவிட்டிருந்தோம்.]

இரண்டாவது தொடக்கம்:

"ஒரு கௌரவமான குடும்பம் சீட்டாடலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது"

[இதை என் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "யாரும் கேக்கலையே. நீங்களா எதுக்குப் பதில் சொல்றீங்க?" என்றாள். அடித்துவிட்டேன்.]

மூன்றாவது தொடக்கம்:

"அப்பாவை வைத்து ஆடினோம்."

[இது நல்ல தொடக்கம். இப்படி எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பொய் என்று அடிக்கவும் முடியவில்லை. இருக்கட்டும்.]

3

அம்மா போன பிறகு அப்பா தனியாகவே இருந்தார். மூன்றாவது மாடி; எங்கள் கட்டடத்தில் இருப்பதுபோல் அங்கே லிஃப்ட் இல்லை. ("ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் நான் ஏத்தி இறக்குறேன், எங்கப்பா படியேறுறாரு" என்று தம்பியே சொல்லிச் சிரிப்பான். சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.) ஒரு நாள் அப்பாவின் முழங்கால் படியேற மறுத்துவிட்டது. மூன்று பிள்ளைகளும் எங்களோடு வந்து இருங்கள் என்று ஒரே குரலில் சொன்னோம். ஒரே குரலில் சொன்னதுதான் அவருக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது.

"மூணு பேரும் வாங்க வாங்கன்றீங்க," என்றார். "கடை வாசல்ல நின்னு ஆள் கூப்பிடுற மாதிரி இருக்கு. சீட்டுக்கட்டை எடுங்க. பன்னெண்டு ஆட்டம். கடைசியில யாருகிட்ட மூடி அதிகமா இருக்கோ அவங்க வீட்டுக்கு வர்றேன்."

"அப்பா, இது மரியாதையா இல்ல. மூத்தவன் நான் இருக்கேன்."

"நீ இருக்கிறது தெரியுது. வெட்டு," என்று கட்டை என் முன்னால் வைத்தார்.

எங்கள் வீட்டில் காசு வைத்து யாரும் ஆடியதில்லை. தங்கையின் கடையிலிருந்து வரும் மருந்துப் புட்டி மூடிகள்தான் பந்தயம். ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு, மறைவாக. பிறகு மேசை நடுவில் ஐந்து சீட்டு, எல்லோருக்கும் பொதுவாக, மூன்று தவணையில் விழும். அதற்கு முன்னும் இடையிலும் பின்னும் பந்தயம் கட்டலாம். ஒருவர் பந்தயத்தை ஏற்றினால் அடுத்தவருக்கு மூன்று வழி: விட்டுவிடலாம், அதே அளவு வைத்துக் கூட வரலாம், அதற்கு மேல் ஏற்றலாம். கையும் நடுச்சீட்டும் சேர்ந்து யாருக்கு வலுவோ அவர் ஜெயிப்பார்.

இதோடு எங்கள் வீட்டில் இன்னொரு விதி உண்டு. வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. விடுகிறவர் தன் இரண்டு சீட்டையும் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் விட வேண்டும். மற்ற இடங்களில் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போய்விடலாம். இது அப்பா போட்ட விதி. கடிதம் பிரிக்கும் மேசையில் எதைத் தள்ளி வைத்தாலும் முகவரி மேலே தெரியும்படிதான் வைக்க வேண்டுமாம். அந்தப் பழக்கம் சீட்டுக்கும் வந்துவிட்டது. விட்டவர் காட்ட வேண்டும். எல்லோரும் விட்டு ஒருவர் மட்டும் மிஞ்சினால், அவர் காட்ட வேண்டியதில்லை. அவர் கையில் என்ன இருந்தது என்பது அவரோடு போயிற்று.

* இந்த விதியால் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வெளியே சீட்டாட வராது. தம்பி ஒரு முறை வேலையிடத்தில் ஆடப்போய், ஒவ்வொரு முறை விடும்போதும் சீட்டைத் திருப்பிக் காட்டியிருக்கிறான். நான்காவது ஆட்டத்தில் அவனைப் பார்த்து எல்லோருக்கும் பாவமாகிவிட்டதாம்.

4

பதினோரு ஆட்டம் முடிந்தபோது என்னிடமும் தம்பியிடமும் மூடிகள் சரிசமம். தங்கை கொஞ்சம் பின்னால் இருந்தாள், எட்டிப் பிடிக்கக்கூடிய தூரத்தில். கடைசி ஆட்டம். சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு மூடி வைக்க வேண்டிய இடம் என்னுடையது. ஒரு மூடி வைக்க வேண்டிய இடம் தங்கையுடையது. தம்பி முதலில் பேச வேண்டியவன்.

"ஏத்துறேன். ஆறு," என்றான்.

தங்கை தன் சீட்டைப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தாள். "விட்டேன்" என்று திருப்பி வைத்தாள்.

ராணியும் பத்தும். இரண்டும் ஸ்பேடு.

தம்பிக்குத் தாங்கவில்லை. "அக்கா, இதையா விட்ட?"

"எனக்கு என்னடா தெரியும், ஏதோ உங்ககூட ஆடுறேன்."

"எனக்கு ஒன்பது வயசுல என் சோடா மூடி அத்தனையும் வழிச்சுட்டுப் போனவ நீ. உனக்குத் தெரியாதா?"

"வயசாயிடுச்சுடா. விடு."

ஒன்பது பேர் உட்காரும் மேசையில் ராணியையும் பத்தையும் விடலாம். யார் கையிலாவது ராஜாவோ ஏஸோ இருக்கும். மூன்று பேர் மேசையில் அது நல்ல கை. அவளுக்கு அது தெரியும். அவள் வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் அவள் மாமியார் இரண்டு ஆண்டாகப் படுக்கையில் இருக்கிறார். அவள் அப்பாவை வேண்டாம் என்று சொல்லவில்லை. இடம் இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. ராணியையும் பத்தையும் வைத்தாள், அவ்வளவுதான்.

அப்பா அந்த இரண்டு சீட்டையும் எடுத்து விளிம்பு சேர்த்து ஓரமாக வைத்தார். "சரிம்மா" என்றார்.

அந்த "சரிம்மா"வை எப்படி எழுதுவது என்று மூன்று நாள் பார்த்தேன். "கனிவாக" என்று போட்டேன். "வருத்தத்தோடு" என்று போட்டேன். "எதையோ புரிந்துகொண்டவர் போல" என்று [இதற்கு மேல் எழுத எனக்கே வெட்கமாக இருந்தது]. அவர் சொன்னது சரிம்மா. அதை அப்படியே விடுகிறேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஆட்டத்தில் யார் எதை ஜெயிக்கிறார்கள் என்று அப்பா பார்க்கவில்லை. யார் எதை விடுகிறார்கள் என்று பார்க்கிறார்.

5

என் கையில் இருந்தவை ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் ஒன்பது.

கட்டுரை போல் சில வரி எழுத அனுமதியுங்கள். கூட்டமான மேசையில் ஒருவர் ஏற்றினால் அவரிடம் ஏதோ இருக்கிறது என்று பொருள். மூன்று பேர் மட்டும் ஆடும்போது அந்தப் பொருள் கரைந்துவிடுகிறது. ஆள் குறையக் குறைய ஏற்றுவதற்குப் பெரிய சீட்டு தேவையில்லை, துணிச்சல் போதும். அதனால் எதிரில் இருப்பவர் எடுத்ததற்கெல்லாம் விட்டுக்கொண்டிருந்தால் மெல்ல மெல்லத் தேய்ந்துபோவார். ஏற்கெனவே இரண்டு மூடி உள்ளே இருக்கிறது; இன்னும் நான்கு வைத்தால் பார்க்கலாம்; ராஜாவும் ஒன்பதும் ஒரே பூவில், ஆர்ட்டினில், இருக்கின்றன. கூட வரலாம். துணிந்தால் ஏற்றலாம். விடுவதற்கு மட்டும் காரணம் இல்லை. வார இதழின் மூன்று வரியும் இவைதான்.

ஒரு சங்கடம் உண்டு. கூட வந்தால், அடுத்து விழும் ஒவ்வொரு தவணையிலும் நான்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். தம்பி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் பேசுவான். இது ஆட்டத்தின் இருக்கை விதி. மூத்தவனாகப் பிறந்தவனுக்கு இதை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதழில் இல்லாத கணக்கு வேறு. நான் விட்டால் தம்பி ஜெயித்துவிடுவான். அதுமட்டுமல்ல, ராஜாவையும் ஒன்பதையும் திருப்பி வைக்க வேண்டும். வைத்தால், விடத் தேவையில்லாத கையை மூத்த மகன் விட்டான் என்பது ராணிக்கும் பத்துக்கும் பக்கத்தில் கிடக்கும். மூத்தவன் இருக்க, அப்பா கடைசிப் பிள்ளையின் ஒன்றரை அறையில் போய் இருப்பார். நாளைக்கு நான் யார் முகத்தில் விழிப்பேன்?

[அடுத்த பத்தியை எடுத்துவிடத்தான் நினைத்தேன்.]

சென்ற ஆண்டு அப்பா எங்கள் வீட்டுக்கு ஒரு மாதம் இருக்கலாம் என்று வந்தார். மூன்றாம் நாள் சமையலறை டப்பாக்கள் அகர வரிசைக்கு வந்தன. ("உப்பு எங்கன்னு கேட்டேன். உனாவுல பாரும்மான்னார்." இது என் மனைவி.) ஆறாம் நாள் என் புத்தகங்கள். ஒன்பதாம் நாள், என் முப்பத்து நான்கு ஆண்டு ஆய்வுக் குறிப்பேடுகளை ஊர் வாரியாகப் பிரித்து அடுக்கிவிட்டார். நான் ஆண்டு வாரியாக வைத்திருந்தேன். அன்று குரலை உயர்த்தினேன். அப்பாவிடம். மறுநாள் காலை குறிப்பேடுகளைப் பழையபடி ஆண்டு வாரியாக அடுக்கிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். நான் சரிபார்த்தேன். ஓர் ஆண்டுகூட இடம் மாறவில்லை.

சரிபார்த்தேன் என்பதைத்தான் எடுத்துவிட நினைத்தேன்.

6

தம்பியை எழுதுவதில் எனக்குச் சிக்கல். முதல் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்:

"தம்பி ஏளனமாகச் சிரித்தான். ஒன்றுமில்லாத கையோடு ஆட்டத்தை மிரட்டுவது அவனுக்குச் சிறு வயதிலிருந்தே"

"எப்ப சிரிச்சான்?" என்றாள் மனைவி. "நகத்துல இருந்த கிரீஸை நோண்டிட்டு இருந்தான்."

உண்மைதான். ஏற்றுகிறேன் என்று சொன்ன பிறகு அவன் யாரையும் பார்க்கவில்லை.

"கதைக்கு ஒரு எதிராளி வேணும்," என்றேன்.

"அதுக்கு அவன்தான் கிடைச்சானா? இந்தக் கதையில நீங்க மட்டும்தான் நல்லவரா இருக்கீங்க. படிக்கிறவங்களுக்குச் சந்தேகம் வராதா?"

ஆகவே மறுபடி யோசித்தேன். தம்பி தனியாள். அவன் மனைவி பிரிந்து போய் ஆறு ஆண்டாகிறது. லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் எந்த நேரத்திலும் அவனைக் கூப்பிடுவார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவரோடு கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை பார்ப்பான். அப்படி அவன் பேசுவதை ஒரு முறை கேட்டிருக்கிறேன். எங்களோடு அவன் அத்தனை பேசியதில்லை. அவன் வீடு தரைத்தளம். ஒன்றரை அறை. அரை அறையில் பழைய லிஃப்ட் மோட்டார் ஒன்று கிடக்கிறது.

இவன் எந்தக் கையை வைத்துக்கொண்டு ஏற்றினான்?

ஜோடி ஏஸ் வைத்திருந்தால், சீட்டு ஏற்றியது. ஒன்றுமே இல்லாமல் ஏற்றியிருந்தால், அவன் ஏற்றினான். ஒன்றுமில்லாத கையோடு அப்பாவுக்காக நின்றான் என்று ஆகும். இல்லை, அண்ணனிடம் தோற்கக் கூடாது என்று நின்றானா? ஐம்பத்தொரு வயதுக்காரனைப் பற்றி இந்த ஒரு விஷயம் எனக்குத் தெரியவில்லை என்பது எனக்கே வியப்பாக இருந்தது. எத்தனையோ கடைகளில் தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த புளியைக்கூடக் கண்டுபிடித்தவன் நான்.

7

"அண்ணா, இருக்கீங்களா?" என்றான் தம்பி.

"யோசிக்கிறேன்."

"நாலு மூடிக்கா? தராசுக்கு முத்திரை குத்தவும் இப்படித்தான் யோசிப்பீங்களா? கடைக்காரனுக்கு நரைச்சிருக்குமே."

"நரைச்சா நரைக்கட்டும். நான் குத்தின முத்திரை ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல."

"அவர விடுடா," என்றாள் தங்கை. ஆட்டத்தை விட்டபின் அவள் குரல் தாராளமாகியிருந்தது. "அண்ணா, தண்ணி வேணுமா?"

"வேண்டாம்."

"அவனுக்கு நேரம் இருக்கு," என்றார் அப்பா. "எனக்கும் இருக்கு. யாருக்கும் அவசரம் இல்ல."

நான் அப்போது செய்தது எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் செய்யாதது. நேராகக் கேட்டேன்.

"உன் கையில என்னடா இருக்கு?"

தம்பி நகத்திலிருந்து கண்ணை எடுத்தான். தங்கை கண்ணாடியைச் சரிசெய்தாள். கதவருகே என் மனைவி, கையிலிருந்த துணியை மடித்தவள் மறுபடி பிரித்தாள்.

"வந்து பாருங்க," என்றான். "நாலு மூடிதான் டிக்கெட்டு."

"நீயே சொல்லேன்."

"நீங்க சொல்லுங்க. உங்க கையில என்ன?"

பதில் சொல்லத் தோன்றியது. அங்கேயே, அந்த நொடியே, சீட்டைப் பற்றி இல்லாமல் வேறு ஒரு பதிலைச் சொல்ல

[இந்த வாக்கியத்தை ஐந்து முறை முடித்துப் பார்த்தேன். ஐந்தும் நான் அன்று சொல்லாதவை. சொல்லாததை எழுதினால் அது கள்ள எடை.]

8

இனி மூன்று முடிவுகள். மூன்றையும் எழுதிப் பார்த்தேன்.

அ. விடுகிறேன். ராஜாவையும் ஒன்பதையும் திருப்பி வைக்கிறேன். தம்பி அதைப் பார்க்கிறான், "அண்ணா, இதையா விட்டீங்க?" என்று கேட்கவில்லை. கேட்காதது கேட்டதைவிட மோசமாக இருக்கிறது. அப்பா இரண்டு சீட்டையும் எடுத்து விளிம்பு சேர்க்கிறார். "சரிப்பா." தம்பி தன் சீட்டைக் கவிழ்த்தபடியே கட்டுக்குள் செருகுகிறான். அவன் கையில் என்ன இருந்தது என்று எனக்குச் சாகும்வரை தெரியாது.

ஆ. கூட வருகிறேன். நான்கு மூடி. ஐந்து சீட்டும் விழுகின்றன. இருவரும் கையைக் காட்டுகிறோம். யாரோ ஒருவர் ஜெயிக்கிறார். யாரையும் யாரும் குறை சொல்ல முடியாது, சீட்டு தீர்மானித்தது. வார இதழும் இதைத்தான் சொல்லும். கௌரவமுள்ள ஒரு மனிதனுக்கு மிகவும் தோதான முடிவு. அதனால்தான் எனக்கு இதன்மேல் நம்பிக்கை இல்லை. முள் தானாகச் சாய்ந்தது என்று சொல்லாத கடைக்காரனை என் பணிக்காலத்தில் நான் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

இ. நான் மேலே ஏற்றுகிறேன். "பதினெட்டு." தம்பி மறுபடி நகத்தைப் பார்க்கிறான். பிறகு விடுகிறான். விட்டவர் காட்ட வேண்டும். நான்கும் இரண்டும். வேறு வேறு பூ. இதைவிட மட்டமான கை அரிது. அப்பா பார்க்கிறார், தங்கை பார்க்கிறாள், நான் பார்க்கிறேன். தெரிந்துகொள்ள விரும்பியதைத் தெரிந்துகொண்டுவிட்டேன். தெரிந்துகொண்ட அதே நொடியில் அவனிடமிருந்து அப்பாவை வாங்கியும்விட்டேன்.

மூன்றாவதை மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

"இதை எழுதாதீங்க," என்றாள்.

"ஏன்?"

"அவன் படிச்சான்னா?"

"இது நடந்ததுன்னு நான் சொல்லலையே."

"நடக்கலைன்னும் சொல்லலையே."

* அவளுக்கு எது நடந்தது என்று தெரியும். அங்கேயேதான் நின்றிருந்தாள். இருந்தும் மூன்றையும் படித்து முடித்துவிட்டு, "எது நல்லா இருக்கு?" என்று நான் கேட்டதற்கு, "நடந்தது சுமாராத்தான் வந்திருக்கு" என்றாள்.

9

எது நடந்தது என்று எழுத மாட்டேன். மூன்று பேருடைய கௌரவம் அந்த மேசையில் இருந்தது. என்னுடையதை வேண்டுமானால் நான் திறந்து வைக்கலாம். மற்ற இரண்டும் என் சீட்டுகள் அல்ல. அப்பா இப்போது எந்த வீட்டில் இருக்கிறார் என்பதை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. நான் விட்டிருந்தாலும், கூட வந்து தோற்றிருந்தாலும் அவர் போவது ஒரே வீட்டுக்கு. ஏற்றி விரட்டியிருந்தாலும், கூட வந்து ஜெயித்திருந்தாலும் மற்ற வீட்டுக்கு. அவர் நன்றாக இருக்கிறார். முழங்கால் பரவாயில்லை. அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் வைத்த இடத்தில் கிடைப்பதில்லை.

ஆகவே, படிக்கிறவரே, நீங்கள் உட்காருங்கள். ஆர்ட்டின் ராஜாவும் ஒன்பதும் உங்கள் கையில். உங்கள் இரண்டு மூடி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. எதிரில் இருப்பவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வார இதழுக்கு எழுதிக் கேட்க நேரம் இல்லை. உங்கள் வீட்டு விதி வேறாக இருக்கலாம். விட்டதைக் கவிழ்த்து வைக்கும் வீடாக இருக்கலாம். அப்படியானால் உங்களுக்கு இது சுலபம்.

கடைசியாக ஒன்று. அப்பா விஷயம் என்றதும் மூத்தவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை, செய்ய வேண்டியதைச் சட்டென்று செய்துவிட்டார் என்று உறவினரிடையே ஒரு பேச்சு இருக்கிறது. என்னைப் பெருமைப்படுத்தத்தான் சொல்கிறார்கள். அது தவறு. பதினொரு நிமிடம் ஆயிற்று.